போஸ்ட்கிரஸின் மொழிபெயர்த்த செய்திகள்: உள்ளே சரி, வாசலில் சிக்கல்

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன் பிழைச் செய்திகளை, மொழிபெயர்ப்புக்கான குனு கெட்டெக்ஸ்ட் கருவித்தொகுப்பு மூலம் மொழிபெயர்க்கிறது. எந்த மொழி என்பதை எல்சி_மெசேஜஸ் என்ற அமைப்பு முடிவு செய்யும். இணைப்பு கிடைத்துவிட்டால் இதில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. செய்தி டேட்டாபேஸின் என்கோடிங்கில் (எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறை) உருவாகி, இணைப்பவர் கேட்கும் கிளையன்ட்_என்கோடிங்குக்கு மாறி வந்து சேரும். இரண்டும் யூடிஎஃப்-8 என்றால் மாற்றும் வேலையே இல்லை. டேட்டாபேஸ் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1ல் இருந்தால் தமிழுக்கு அங்கே இடமில்லை; லினக்ஸில் வரிசையாக வினாக்குறிகள்தான் வரும்.

தொல்லை வாசலில், அதாவது இணைப்பு கிடைப்பதற்கு முந்தைய கட்டத்தில், இருக்கிறது. 'கடவுச்சொல் தவறு' போன்ற செய்திகள் கிளையன்ட்_என்கோடிங் அமலுக்கு வருமுன்பே கிளம்பிவிடும். அவை சர்வர் இயங்கும் கணினியின் லொகேலில் (மொழி, என்கோடிங் அமைப்பு), எந்த மாற்றமும் இல்லாமல் வரும். ரஷ்ய விண்டோஸில் அது விண்டோஸ்-1251 என்ற என்கோடிங்கில் உள்ள பைட்டுகள். அதை யூடிஎஃப்-8 என்று நம்பிப் படிக்கும் பைத்தான் நிரல், யூனிகோட் டிகோட் பிழையோடு விழும். தவறான கடவுச்சொல் என்ற உண்மைக் காரணம் கண்ணிலேயே படாது. இந்த வடிவமைப்பில் மோசமான இடம் இதுதான்.

அடுத்தது லாக், அதாவது சர்வர் தன் செய்திகளைப் பதிந்துவைக்கும் கோப்பு. ஒரே சர்வரில் வெவ்வேறு என்கோடிங் கொண்ட டேட்டாபேஸ்கள் இருந்தால், எல்லாம் ஒரே கோப்பில் கலந்து விழும். எந்த எடிட்டரில் திறந்தாலும் பாதி கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இரண்டுக்கும் மருந்து கிட்டத்தட்ட ஒன்றே. எல்லா டேட்டாபேஸையும் யூடிஎஃப்-8ல் உருவாக்குங்கள். கட்டமைப்புக் கோப்பில் எல்சி_மெசேஜஸை 'சி' (மொழிபெயர்ப்பு இல்லாத அடிப்படை லொகேல்) என்று வைத்து ரீலோடு செய்தால், வாசல் செய்திகள் வெறும் ஆஸ்கி ஆங்கிலத்தில் வரும்; உடைய எதுவும் இராது. தாய்மொழியில் வேண்டுபவருக்கு மட்டும் சூப்பர்யூசராக நுழைந்து, அவருடைய ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) மொழியை அமைக்கலாம். அது இணைப்புக்குப் பின்னரே செயல்படும். அந்த லொகேல் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், சர்வரும் என்எல்எஸ் என்ற பன்மொழி வசதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நிரலில் செய்தியின் சொற்களைத் தேடிப் பிழையைக் கண்டுபிடிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். மதிப்பு தனித்ததாக இருக்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டால், எந்த மொழியிலும் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற பிழைக் குறியீடு 23505தான்.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது. மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு, கோப்பை வேறு என்கோடிங்கில் சேமிப்பதுதான் வழக்கமான தவறு. நிரப்பிடங்கள் (%s போல, பின்னர் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் குறிகள்) பொருந்துகின்றனவா என்பதை, கெட்டெக்ஸ்டின் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையின் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். தமிழில் சொல்வரிசை மாறுவதால் எண்ணிட்ட நிரப்பிடங்கள் தேவைப்படும். ஒன்றுக்கு எண் இட்டால் எல்லாவற்றுக்கும் இட வேண்டும். நிரப்பிடத்தோடு 'ஐ', 'இல்' என்று வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். அங்கே வந்து உட்காரப்போகும் பெயர் எதில் முடியும் என்று தெரியாது. 'என்ற அட்டவணையில்' என்று எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும்.