லா ஃபோலெட்டை மூலத்தில் படிக்க: கவ்இன்ஃபோ தளம் எவ்வளவு உதவும்?

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கக் கூடாது என்று விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபோலெட் பேசியதை மேற்கோள் தொகுப்புகளில் படித்தால் கோபம் மட்டும்தான் தெரியும், வாதம் தெரியாது. வாதம் வேண்டுமென்றால் அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ தளத்துக்குத்தான் போக வேண்டும். 1873 முதலான அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) அவைக்குறிப்புகள் தொகுதி தொகுதியாக அங்கே இருக்கின்றன. காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். சரக்கு முதல் தரம். தேடல் வசதிதான் ஆளைச் சோதிக்கும்.

அவர் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்கேன் செய்த பழைய தாளிலிருந்து எந்திரம் எடுத்த எழுத்து அது. 'லா'வும் 'ஃபோலெட்'டும் ஒட்டியும் உடைந்தும் கிடக்கும். சரியாக அகப்பட்டாலும் பாதிக்கு மேல் வருகைப் பதிவும் வாக்கெடுப்புப் பட்டியலும்தான். தொகுதி, பாகம், நாள் என்று படிப்படியாக இறங்குவதே வழி. 1917 ஏப்ரல் 4 உரை 55ஆம் தொகுதி, 1ஆம் பாகம், பக்கம் 223 முதல் 234 வரை. பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணை நம்ப வேண்டாம், தாளின் தலையில் அச்சான எண்ணைப் பாருங்கள். பத்தியை நகலெடுத்தால் தாளின் இடது நெடுவரிசை வரியும் வலது நெடுவரிசை வரியும் கலந்துவிடுவதுண்டு. மேற்கோளுக்குக் கையால் தட்டச்சு செய்வதே பத்திரம்.

பன்னிரண்டு பக்கமும் பொடி எழுத்து. ஆனால் படிக்கப் படிக்கப் பிடி கிடைக்கும். 1914 நவம்பரில் பிரிட்டன் வடகடலைப் போர்ப் பகுதி என்று அறிவித்தபோது வாஷிங்டன் அதைப் பொறுத்துக்கொண்டது. 1915 பிப்ரவரியில் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென ஒரு பகுதியை அறிவித்ததும் கறாராகக் கணக்குக் கேட்டது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. இதற்கு நடுநிலை என்று பெயரா என்பதுதான் அவர் கேள்வி. தனக்கு வந்த 15,000 கடிதங்கள், தந்திகளில் பத்துக்கு ஒன்பது தன் போர் எதிர்ப்புக்கு ஆதரவு என்றும் அவையில் சொல்கிறார். அன்றே வாக்கெடுப்பு. போருக்கு 82, எதிராக 6.

இல்லாததைத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய. 1917 மார்ச் 4 அன்று, வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதா மீது பேச அவருக்கு வாய்ப்பே தரவில்லை. பேசாத பேச்சு குறிப்பில் எப்படி இருக்கும்? செப்டம்பர் 20 செயின்ட் பால் நகர உரை செனட்டுக்கு வெளியே நடந்தது, அந்தத் தேதியில் தேட வேண்டாம். ஜெர்மனி மீது நமக்குக் குறை உண்டு என்று அவர் சொன்னதை, குறையே இல்லை என்றதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அனுப்பிவிட்டது. 1918இல்தான் தவறை ஒப்புக்கொண்டது. அந்தப் புயலுக்கு அவர் தந்த பதில் 1917 அக்டோபர் 6 உரை. அதுவும் 55ஆம் தொகுதியிலேயே பக்கம் 7878 முதல்.

இன்னொரு சிக்கல்: செனட் கூட்டத்தை முடிக்காமல் இடைவேளை மட்டும் விட்டால், மறுநாள் பேச்சின் தலைப்பில் பழைய 'அவை நாள்' தேதியும் சேர்ந்து வரும். இரண்டு தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவர் ஊழலை எதிர்த்த பக்கத்துக்கு 62ஆம் தொகுதி, 1922 ஏப்ரல் கடைசி. கடற்படைக்கென ஒதுக்கிய டீப்பாட் டோம் எண்ணெய் நிலத்தை உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் டெண்டர் விடாமல் எண்ணெய் அதிபர் சின்க்ளேரின் நிறுவனத்துக்குக் குத்தகை விட்டிருந்தார். ஆவணங்களை அனுப்பு, விசாரணை நடத்து என்ற லா ஃபோலெட்டின் தீர்மானம் ஏப்ரல் 29 அன்று ஒருமனதாக நிறைவேறியது. 1917 உரையையும் இதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கேள்வி அதேதான்: யாருக்கு லாபம், காகிதம் எங்கே? விசாரணை சாட்சியங்கள் மட்டும் இந்த அவைக்குறிப்பில் வராது. அவை குழு விசாரணைத் தொகுப்புகளாகத் தனியே அச்சானவை. தீர்மான எண் 282ஐ வைத்துத் தேடுங்கள்.