கழுத்தில் அடிபட்ட பின் கை: தசைநாணை மாற்றுவதா, நரம்பை மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவரின் குடும்பம், அவர் மறுபடி நடப்பாரா என்றுதான் முதலில் கேட்கிறது. அடிபட்டவர்களின் விருப்பம் வேறு: 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கைகால் நான்கும் பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கையின் செயல்பாட்டையே முதலிடத்தில் வைத்தனர். அதை ஓரளவு மீட்க இரண்டு அறுவை சிகிச்சைகள் உள்ளன.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண்; அதை மாற்றும் சிகிச்சை பழையது. சுவீடனின் எரிக் மோபெர்க் 1970களில் இதைப் பரவலாக்கினார். உயிரோடிருக்கும் தசையின் நாணைப் பிரித்துச் செயலிழந்த தசையின் நாணோடு தைப்பார்கள். பின்தோள் தசையால் முழங்கையை நீட்டலாம்; முன்கைத் தசையொன்றால் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தி, கரண்டியையோ சாவியையோ பிடிக்கலாம். பிடி வலுவானது, காயம்பட்டுப் பத்தாண்டு கழிந்தாலும் செய்யலாம். விலை வேறிடத்தில் இருக்கிறது: பல வாரங்கள் கை கட்டுப்போட்டபடி இருக்கும், சக்கர நாற்காலியைத் தள்ளவோ கையூன்றிக் கட்டிலுக்கு மாறவோ முடியாது. மனைவியும் வேலைக்குப் போகும் தோட்டக் குடும்பத்தில், அத்தனை வாரமும் உடனிருப்பவர் யார் என்பதே அறுவையை விடப் பெரிய கேள்வி என்பேன்.

நரம்பு மாற்றத்தில், இயங்கும் தசையொன்றின் நரம்புக் கிளையைச் செயலிழந்த தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். கட்டு நாள்கள் குறைவு, விரல்கள் இயல்பாக விரியும். ஆனால் நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே வளர்வதால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். தண்டுவடத்தில் காயம்பட்ட இடத்திலேயே தம்மை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோன தசைகளுக்கோ, ஓராண்டு நெருங்குவதற்குள் செய்தாக வேண்டும். மெல்பர்னில் நத்தாஷா வான் சைல் குழு 16 பேருக்குச் செய்த 59 நரம்பு மாற்றங்களின் முடிவு 2019இல் வெளியானது, நான்கு தோற்றன. பிடியின் வலுவில் தசைநாண் மாற்றமே மேல் என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே இரண்டும் சமமான போட்டியாளர்கள் அல்ல. தசைநாண் காத்திருக்கும், நரம்பு காத்திருக்காது. அந்த ஆய்விலேயே சிலருக்கு ஒரு கையில் நரம்பையும் மறு கையில் தசைநாணையும் மாற்றினார்கள். அந்த வாய்ப்பு கைநழுவாதிருக்க, மாவட்ட மருத்துவமனையில் புண் ஆறியதுமே, பெர்கேசோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பம் முடியும்வரை பொறுத்திராமல், கை அறுவை நிபுணருக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.