பழைய நூலைத் திறந்து வைக்க: அக்ரிலிக் தாங்கியா, அட்டைத் தாங்கியா?

மதுரைப் பக்கத்து நூலகங்களில் நூறாண்டு பழைய அச்சு நூலைக் கண்ணாடிப் பேழையில் வைக்கும்போது எழும் கேள்விதான் இது.

செலவு
அக்ரிலிக்: பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. தகட்டைச் சூடாக்கி வளைத்துத் தருவார்கள். விலை கூடுதல், மறுபடி பயன்படும்.
அட்டை: மலிவு. ஆனால் அமிலமற்ற அட்டையாக வரவழைக்க வேண்டும். பைண்டிங் கடைச் சாம்பல் அட்டை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும்.

பொருத்தம்
அக்ரிலிக்: கோணம் மாறாது. முதல் பக்கங்களைத் திறந்தால் இடப்பக்கம் மெலிந்து தொங்கும், முதுகுத் தையல் இழுபடும். மெலிந்த பக்கத்தின் அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்க வேண்டும்.
அட்டை: காட்டப்போகும் பக்கத்தைத் திறந்துவைத்தே இடக்கனம், வலக்கனம், முதுகின் அகலம் மூன்றையும் அளந்து வெட்டலாம். இறுகிய கட்டுக்கு 90 முதல் 120 பாகை திறப்பு போதும். புத்தகம் முரண்டினால் அழுத்தாதீர்கள்.

தொல்லை
அக்ரிலிக்: வெட்டிய விளிம்பு மெருகேறாவிட்டால் காலிகோவை (அட்டைமேல் ஒட்டிய பைண்டிங் துணி) கீறும். உலர்துணியால் துடைத்தால் நிலைமின்னேறித் தூசியையும் நொறுங்கிய தாள் ஓரத்தையும் இழுக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் நூலை வையுங்கள்.
அட்டை: கனத்த நூலுக்குச் சில வாரத்தில் தொய்யும்; இரட்டை மடிப்பு கொடுங்கள்.

பக்கம் புரளாமலிருக்க இரண்டுக்கும் பசையில்லாத பாலியெஸ்டர் படல நாடாதான். ஒட்டுநாடா தாளில் படவே கூடாது. நூல்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளியளவின் அலகு) தாண்ட வேண்டாம்.

ஒரே அளவு நூல்களை மாற்றி மாற்றி வைப்பவருக்கு அக்ரிலிக்; தனித்த, தடித்த, தளர்ந்த கட்டுக்கு அட்டை. ஓலைச்சுவடிக்கு இரண்டும் உதவாது, அதைத் தட்டையாகவே கிடத்துங்கள்.