ஸ்கூன், பெர்த் ஒருநாள் சுற்றுலா: வழிகாட்டி அருமை, நேரப் பங்கீடு மோசம்

எடின்பரோவிலிருந்து வேனில் அழைத்துச் சென்று, இடைக்கால ஸ்காட்லாந்து மன்னர்கள் பதவியேற்ற இடங்களைக் காட்டும் ஒருநாள் சுற்றுலா ஒன்றில் அண்மையில் சென்றுவந்தேன். வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் தருவேன்; பயணத்தைத் திட்டமிட்டவருக்குப் பாதிகூடத் தரமாட்டேன்.

முதல் நிறுத்தம் ஸ்கூன் அரண்மனை வளாகத்திலுள்ள மூட் ஹில். (எழுத்தைப் பார்த்து 'ஸ்கோன்' என்று படித்த எங்களை வழிகாட்டி சிரித்தபடியே திருத்தினார்.) புல் மேடு, சிறிய தேவாலயம், அதன் முன்னால் மன்னர்கள் அமர்ந்து பதவியேற்ற 'ஸ்கூன் கல்'லின் நகல் ஆகியவற்றைத் தவிர அங்கே காண அதிகமில்லை என்பதால், எல்லாம் சொல்பவரின் திறமையைப் பொறுத்ததே. 1249இல் ஏழு வயதுச் சிறுவனான மூன்றாம் அலெக்சாண்டர் மன்னனானபோது, கேலிக் மொழிப் புலவர் ஒருவர் அவனுடைய முன்னோர்களின் பெயர்களை வரிசையாக ஓதியதை வழிகாட்டி விவரித்த விதத்தில், அந்நாட்டில் அரசுரிமையை உறுதிசெய்தவை இருக்கையும் குலவரிசையுமே என்பது தெளிவாகப் புரிந்தது. எண்ணெய் பூசி முடிசூட்டும் உரிமையைப் போப்பாண்டவர் 1329இல்தான் வழங்கினார்; 1331இல் இரண்டாம் டேவிட் அதை முதலில் பெற்றார். மன்னரை இருக்கையில் அமர்த்தும் உரிமை ஃபைஃப் பிரபுக்களுக்குரியது. அவ்வீட்டு இளம்பிரபு ஆங்கிலேயர் வசம் இருந்ததால், 1306இல் மன்னரான ராபர்ட் புரூஸுக்கு அச்சடங்கை நிறைவேற்ற அக்குடும்பத்துப் பெண்ணான இசபெல்லா வந்தார். அதற்குத் தண்டனையாக இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் பின்னர் அவரை பெரிக்கில் கூண்டில் அடைத்தார். இதைக் கேட்டபின் வேனில் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

அசல் கல் இருப்பது பெர்த் அருங்காட்சியகத்தில். முதலாம் எட்வர்ட் 1296இல் கவர்ந்து சென்ற இந்த 152 கிலோ மணற்கல், சரியாக 700 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. 2024 மார்ச் முதல் இங்கே உள்ளது. பார்வைக்கு எந்தப் பகட்டும் இல்லை. அதுவே எனக்குப் பிடித்தது. ஆனால் இதற்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம், வழியில் ஒரு விஸ்கி கடைக்கு ஒன்றரை மணி நேரம்! வேனில் ஒலித்த பதிவோ, கல் விவிலியத்தில் வரும் யாக்கோபின் தலையணை என்ற பழங்கதையை வரலாறாகவே சொன்னது. அது ஸ்கூன் பகுதியைச் சேர்ந்த கல்லே என்பது நிலவியலாளர் முடிவு.

ஸ்காட்லாந்து மன்னர்களின் மணிமுடி, செங்கோல், வாள் மூன்றும் எடின்பரோ கோட்டையில் உள்ளன. அவை இச்சுற்றுலாவில் அடங்கா. அருங்காட்சியகத்தில் கல்லைக் காணக் கட்டணமில்லை, பெர்த்துக்கு நேரடி ரயிலும் உண்டு. இந்த வழிகாட்டி தனியாக வருவாரென்றால் அவருடன் மீண்டும் செல்வேன், அந்த வேனில் அல்ல.