பழைய வங்கிக்கு ஒரு கும்பிடு: புதுக் கணக்கு தேடிய அனுபவம்

பல வருஷமாக வைத்திருந்த சேமிப்புக் கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்கு மாறிவிட்டேன். பழைய வங்கி, புது வங்கி இரண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. என்னை அலையவிட்ட அதே வங்கியின் வேறு கிளையில் உங்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசலாம். எனக்கு நல்லபடியாக நடந்துகொண்ட வங்கி உங்கள் ஊரில் மூஞ்சியைக் காட்டலாம். நாம் கணக்குத் தொடங்குவது பேருக்கு வங்கியில் என்றாலும், மாரடிப்பது என்னவோ கிளையோடுதான். அதனால் இது ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளைக்குப் போன விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். கேஒய்சி, அதாவது வங்கியிடம் இருக்கும் நம் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தது. அப்படி வருவதில் நிறைய மோசடி என்பதால் லிங்க் எதையும் தொடாமல் நேரே கிளைக்குப் போனேன். ஆதார், பான் ஜெராக்ஸ், போட்டோ, கையெழுத்துப் போட்ட படிவம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதற்கு ஒரு சீல் வைத்துக் கொடுங்கள் என்றால், "அதெல்லாம் வேண்டாம் சார், சிஸ்டத்துல ஏறிடும்" என்றார்கள். ஏறவில்லை. அடுத்த மாதம் அதே எஸ்எம்எஸ், மறுபடி அதே ஜெராக்ஸ், மறுபடி அதே பதில். அப்புறம் ஒரு நாள் காலையில் பெட்ரோல் போட்டுவிட்டு க்யூஆர் ஸ்கேன் செய்தால் பணம் போகவில்லை. கணக்கை முடக்கியிருந்தார்கள். இந்த மாதிரி முடக்கத்தில் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. எனக்கு வரவேண்டிய தொகையெல்லாம் ஒழுங்காக வந்து விழுந்துகொண்டிருந்தது, என்னால் மட்டும் அதைத் தொட முடியவில்லை. அதே வாரத்தில் வண்டிக் கடன் தவணை திரும்பிப் போனது. அதற்குக் கடன் கொடுத்தவன் ஓர் அபராதம், வங்கி ஓர் அபராதம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

கிளைக்குப் போய் நின்றேன். கேஒய்சிக்கு என்று தனிக் கவுன்டர் எல்லாம் கிடையாது. நகைக்கடன் மேஜையின் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டி, மூடிகூட இல்லை, அதற்குள் ஊர்க்காரர்களின் ஆதார் ஜெராக்ஸ்கள் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்த தாளில் யாரோ ஒரு பாட்டியின் பெயர், முகவரி, பன்னிரண்டு இலக்க எண் எல்லாவற்றையும் நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. என்னுடைய தாளும் அதற்குள்தான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அதிகாரி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது சென்ட்ரல் பிராசஸிங்ல பெண்டிங் சார், எங்க கையில இல்ல" என்றார். பெட்டி உங்கள் மேஜையில்தானே சார் இருக்கிறது என்றேன். நாளைக்கு வாருங்கள் என்றார்.

இதில் என்னை அதிகம் கடுப்பேற்றியது பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தான். முகவரி, பெயர் எதுவும் மாறவில்லை என்றால் ஜெராக்ஸே தேவையில்லை, 'மாற்றம் எதுவும் இல்லை' என்று நாமே கொடுக்கும் உறுதிமொழி போதும், அதையும் பதிவு செய்த மின்னஞ்சல், மொபைல் எண், ஏடிஎம், நெட் பேங்கிங் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும், கிளைக்கு வரச் சொல்லக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2025 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போய், கெடு முடிவதற்கு முன்னால் குறைந்தது மூன்று முறை தகவல் சொல்ல வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் கடிதமாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். விதியெல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கிறது, கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் எழுத்தில் இறங்கினேன். வெள்ளைத்தாளில் ஒரு கடிதம், அதன் நகலில் கட்டாயமாக கிளையின் சீல். அதைப் படம் எடுத்து, புகார்களைக் கவனிக்கிற வங்கியின் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல். அவர் பெயரும் முகவரியும் வங்கி தளத்தில் அடியில் பொடி எழுத்தில் எங்கேயாவது இருக்கும், தேடினால் கிடைக்கும். கிளையில் யார் கையிலும் இல்லாத விஷயம் மின்னஞ்சல் போன மறுநாளே முடிந்தது, கணக்கு திறந்துவிட்டது. அபராதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணப் பரிவர்த்தனை எல்லாப் புகாருக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடுதான், கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். நேரே அங்கே போனால் மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முதலில் வங்கியில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும். சீல் வைத்த நகலின் அருமை அப்போதுதான் தெரியும். அப்படிப் போன பிறகு, என்னிடம் அபராதமாகப் பிடித்த தொகை திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் மனசு விட்டுப்போய்விட்டது.

சரி, புதுக் கணக்கு. முதலில் எல்லோரும் பார்ப்பது வட்டி. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய வங்கிகள் பலவற்றில் 2025 நடுவிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீதம்தான். கால் சதவீதம் கூடக் கொடுக்கிறான் என்று ஓடினால், ஐம்பதாயிரம் இருப்புக்கு வருஷத்தில் நூற்று இருபத்தைந்து ரூபாய் கூடுதலாக வரும். பஸ் செலவுக்கே சரியாகப் போய்விடும்.

குறைந்தபட்ச இருப்புதான் நிஜமாகப் பார்க்க வேண்டியது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் முதல்முறை வந்தபோது, அந்த ஆயிரம் ரூபாயிலேயே இருப்பு இல்லை என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டதும் அது பெரிய பேச்சானதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் அதற்கடுத்த மாதமும் எடுத்துவிட்டன. தனியார் பக்கம் கதை வேறு. ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் மாநகரங்களில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பு 50,000 என்று அறிவித்து, எல்லோரும் கத்தியதும் சில நாட்களிலேயே 15,000 என்று இறக்கியது. அவர்கள் வியாபாரம், அவர்கள் இஷ்டம். ஆனால் என்னைப் போல ஒரு மாதம் கையில் காசு புரள்வதும் அடுத்த மாதம் துடைத்துப்போவதுமாக இருக்கிற சுயதொழில்காரனுக்கு அது சரிப்படாது. இருப்பு குறைந்ததற்கான அபராதத்தால் மட்டும் கணக்கை மைனஸில் தள்ளக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பாஸ்புக்கில் அப்படி மைனஸ் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

தனியார் வங்கி ஒன்றில் விசாரித்தேன், குறை சொல்ல முடியாது, வீடியோ காலிலேயே கணக்குத் தொடங்கிவிடலாம் என்றார்கள், ஏசி, காபி, புன்னகை எல்லாம் உண்டு. ஆனால் நான் சேமிப்புக் கணக்கைப் பற்றிக் கேட்ட நேரத்தைவிட அந்தத் தம்பி காப்பீட்டுப் பாலிசியைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம். வீடு வந்து சேர்வதற்குள் கிரெடிட் கார்டுக்கு ஒரு போன். கணக்கே தொடங்கவில்லை ஐயா!

தபால் நிலையச் சேமிப்புக் கணக்கையும் தீவிரமாக யோசித்தேன், கடைசியில் ஒன்று தொடங்கவும் செய்தேன். 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம், பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கியில் போடும் பணத்துக்குக் காப்பீடு ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான், தபால் நிலையத்தில் அந்த வரம்புப் பேச்சே இல்லை. வட்டிக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. அதனால் போடுவதென்றால் பத்துக்குள் போட வேண்டும். எடுப்பதென்றால் மாதம் முடிந்த பிறகு எடுப்பது நல்லது. ஆனால் இதையே அன்றாடக் கணக்காக வைத்துக்கொள்ள முடியுமா என்றால் எனக்கு முடியாது. யுபிஐ நேரடியாக ஓடாது, அதற்கு இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் இன்னொரு கணக்கு தொடங்கி இணைக்க வேண்டும், அந்தக் கணக்கில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது. டீக்கடை முதல் பேப்பர் கடை வரை ஸ்கேன் செய்தே பிழைப்பவனுக்கு இது சுற்றுவழி. எடுக்காமல் சேர்த்துவைக்கிற பணத்துக்கு அருமையான இடம், அவ்வளவுதான்.

கடைசியில் அன்றாடக் கணக்குக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு பொதுத்துறை வங்கியின் கிளை. வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம்தான். அதைவிடப் பக்கத்தில் அதே வங்கிக்கு இன்னொரு கிளை இருக்கிறது. இரண்டிலும் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கணக்குக்கு நான்கு நாமினி போடலாமாமே, எப்படி? வங்கிச் சட்டத் திருத்தத்தால் 2025 நவம்பர் 1 முதல் அது முடியும். வைப்புத்தொகைக்கு என்றால் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் எழுதலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் மட்டும்தான். பக்கத்துக் கிளையில், "யார் சார் சொன்னா, ஒரு நாமினிதான்" என்று அடித்துச் சொன்னார்கள். தூரத்துக் கிளையில் கவுன்டரில் இருந்த அம்மா, "வந்திருக்கு சார், இருங்க" என்று எழுந்து போய் உள்ளே ஒருவரிடம் கேட்டு, படிவத்தைக் கையோடு எடுத்துவந்து, சதவீதம் எழுதினால் கூட்டினால் நூறு வரவேண்டும் என்று பென்சிலால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தார். கூடவே, மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் கூட்டம் இருக்கும், பத்தாம் தேதிக்கு மேல் வாருங்கள் என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தெரியாததைக் கேட்டுவந்து சொல்கிற ஆள் கிளைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

அந்தக் கிளையிலும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பாஸ்புக் போடும் மெஷின் பாதி நாள் 'சேவையில் இல்லை' என்று எழுதி ஒட்டியபடிதான் இருக்கிறது. ஓடுகிற நாளில் பார்கோடு ஸ்டிக்கர் கொஞ்சம் கசங்கியிருந்தால் புத்தகத்தைத் துப்பிவிடுகிறது. மொபைல் செயலி மெதுவாகத்தான் திறக்கும். ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார்கள். இரண்டும் மத்திய அரசுத் திட்டம்தான், நல்லதும்கூட, நான் ஒன்றுக்கு மட்டும் சரி சொன்னேன். கேட்டுவிட்டுச் சேர்த்தார்கள் என்பதே எனக்குப் புதிய அனுபவம்.

மாறுவதில் இருக்கிற உண்மையான தலைவலி கணக்குத் தொடங்குவதில் இல்லை, பழைய கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் பிய்த்து எடுப்பதில்தான். மொபைல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுகிற மாதிரி கணக்கு எண்ணோடு வங்கி மாறும் வசதி நம் நாட்டில் இல்லை. கேஸ் மானியம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், ஆகவே புது வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் தனியாகக் கொடுக்க வேண்டும். வெறும் கேஒய்சிக்கு ஆதார் கொடுத்தால் அது ஆகாது. வருமான வரித் தளத்தில் ரீஃபண்டுக்கு புதுக் கணக்கைச் சரிபார்த்து வைக்க வேண்டும். எல்ஐசி, ஃபாஸ்டாக், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். கடன் தவணைக்குப் புதிய மேண்டேட் (கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி) பதிவாவதற்குள் பழைய கணக்கில் தேதி வந்துவிடலாம், அதனால் இரண்டு தவணைக்கான பணத்தைப் பழையதில் விட்டுவையுங்கள். பழைய பாஸ்புக்கை ஒரு வருஷத்துக்குப் பின்னோக்கிப் புரட்டினால் எது எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறை பிடிப்பதுதான் மறந்துபோகும்.

எல்லாம் நகர்ந்த பிறகு பழையதை மூடிவிடுங்கள், அப்படியே போட்டுவைக்காதீர்கள். இரண்டு வருஷம் நாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் செயல்படாத கணக்காகிவிடும், அதற்கு உயிர் கொடுக்க மறுபடி அதே கேஒய்சி. பத்து வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்புதாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும், பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் யார் அலைவது? மூடப் போகும்போது மீதிக் காசோலைகள், ஏடிஎம் கார்டு, பாஸ்புக் எல்லாம் எடுத்துப் போங்கள். "ஏன் சார் மூடறீங்க, இருக்கட்டுமே" என்பார்கள். இத்தனை நாளில் என்னிடம் அவர்கள் அக்கறையாகப் பேசியது அன்றைக்குத்தான். மூடிவிட்டதாக எழுதி வாங்குங்கள். மூடும் தேதி வரைக்குமான வட்டி சேர்ந்திருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள், எனக்கு அதைப் போடாமல்தான் கணக்கு முடித்திருந்தார்கள், கேட்ட பிறகு போட்டார்கள்.