நோட்டில் எழுதி வேதம் படித்த ஏழு வருடங்கள்

தினம் மூன்று நான்கு அதிகாரம் வாசித்து வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடிப்பதுதான் என் பழக்கமாக இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் வேறு வழிக்கு மாறினேன். ஒரு பகுதியை எடுத்துக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுவேன், வசன எண் போடாமல். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள எண்கள் வந்ததே 1551-இல்தான். எழுதியதை ஒரு வாரம் சத்தமாக வாசிப்பேன். திரும்ப வரும் சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. அந்த வாரம் முழுக்க விளக்கவுரையைத் தொடமாட்டேன்.

யோவான் 21 எழுதும்போது "கரிநெருப்பு" என்ற சொல்லில் கை நின்றது. இதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே என்று நோட்டைப் புரட்டினால், 18-ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிரில், இயேசுவின் சீஷன் பேதுரு நின்று காய்ந்ததும் கரிநெருப்பில்தான். அந்த இரவில் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான். இங்கே, சீஷர்கள் மீன் பிடித்து வந்திறங்கும் கரையில், கரிநெருப்பில் மீன் வைத்திருந்த இயேசு, தம்மேல் அன்பு உண்டா என்று அவனை மூன்று தடவை கேட்கிறார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது என்று பிறகு கன்கார்டன்ஸில், அதாவது ஒவ்வொரு சொல்லும் வரும் வசனங்களைக் காட்டும் அகராதியில், பார்த்தேன். நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்ததால் தமிழிலேயே பிடிபட்டது. எத்தனை வருடம் வாசித்த அதிகாரம்!

வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கடற்கரை ஊரில் பிறந்த ஓர் அக்கா சொன்னார்: "மீன் சுட தழல்தான் வேணும். சுள்ளி எரியுறப்ப வச்சா மேல கருகும், உள்ள வேகாது. அப்போ அவங்க வலை இழுக்குறதுக்கு முன்னாடியே வந்து மூட்டி, கனிய விட்டுக் காத்திருந்திருக்காரு." எந்த விளக்கவுரையிலும் நான் வாசிக்காத விஷயம் இது.

தவறும் செய்திருக்கிறேன். அதே பகுதியில் முதல் இரண்டு கேள்வி "அன்பாயிருக்கிறாயா", மூன்றாவது "நேசிக்கிறாயா". கிரேக்கத்திலும் இரண்டு சொல். அதை வைத்துப் பெரிய அன்பு, சின்ன அன்பு என்று பல மாதம் பேசித் திரிந்தேன். பிறகுதான் யோவான் 3:35-இலும் 5:20-இலும் பிதா குமாரனை நேசிப்பதற்கே அந்த இரண்டு சொற்களும் மாறி மாறி வருவதைக் கண்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். பேதுருவின் துக்கத்துக்குக் காரணம் வசனத்திலேயே இருக்கிறது: மூன்றாந்தரம் கேட்டபடியினாலே.

வம்ச வரலாறுகளுக்கு இந்த முறை எனக்கு உதவவில்லை. தமிழை மட்டும் நம்பினால் நழுவும் இடங்களும் உண்டு. ரூத் 2:12-இல், அந்நிய தேசத்து விதவையான ரூத்தை, கர்த்தருடைய "செட்டைகளின்கீழ்" (சிறகுகளின்கீழ்) அடைக்கலம் வந்தவளே என்று வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் ஆசீர்வதிக்கிறான். 3:9-இல், தன்னை மணந்துகொள்ளும்படி, உம்முடைய "போர்வையை" விரியும் என்று ரூத் அவனிடம் கேட்கிறாள். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல். அவன் வாயால் சொன்ன ஆசீர்வாதத்தை அவன் கையாலேயே தரச் சொல்கிறாள். என் நோட்டில் அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே கோடே இல்லை. மூன்றாம் அதிகாரத்தை இப்போது முதலிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.