மீட்ட பெண் முயலுக்குக் கருத்தடை: செய்வதா, விடுவதா?

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள அடுக்குமாடியில் நாங்கள் மீட்டு வளர்க்கும் இரண்டு பெண் முயல்களுக்காக இதை நிறைய யோசித்தோம்.

அறுவை செய்தால் பயம் மயக்க மருந்துதான். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றில் ஆரோக்கியமான முயல்களில் 0.73% இறந்தன, நோயுற்றவற்றில் 7%க்கும் மேல். அதனால் மெலிந்து வந்ததை முதலில் தேற்ற வேண்டும். முயலுக்கு வாந்தி வராது என்பதால் அறுவைக்கு முன் பட்டினி தேவையில்லை, போடவும் கூடாது. வீடு திரும்பியதும் சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று இரவெல்லாம் பார்க்க வேண்டும். குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

விட்டுவிட்டால்? வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம், நுரையீரலுக்கும் பரவும். அப்புறம், ஆண் முயல் பக்கத்தில் இருந்தால் சுமார் 31 நாளில் குட்டிகள், ஈன்ற அன்றே மறுபடி சினை.

சரி, இளையவளுக்குச் செய்துவிட்டோம். ஆறு வயதுக்காரிக்கு, முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் ஸ்கேன் எடுக்கும்வரை காத்திருக்கிறோம்.